வாணலியில் சுட்ட பன்றி இறைச்சி டம்ப்ளிங்: வீட்டில் செய்து பார்த்த பதிவு

மெல்லிய மாவு வட்டத்துக்குள் பூரணம் வைத்து மடிக்கும் டம்ப்ளிங் செய்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் மடிப்பின் அழகிலிருந்து தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில், வாணலியில் சுட்டெடுக்கும் டம்ப்ளிங் நன்றாக வருவதும் வராமல் போவதும் தண்ணீரைப் பொறுத்தது. மாவில் சேரும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, கோஸிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது, இறைச்சிக்குள் எவ்வளவு தண்ணீரை ஏற்றுகிறோம், வாணலியில் ஊற்றிய தண்ணீர் எப்போது முழுதாக வற்றுகிறது என்ற நான்கும் சரியாக அமைந்துவிட்டால், மடிப்பு சற்றுக் கோணலாக இருந்தாலும் அடி மொறுமொறுப்பாகவும் மேல்பகுதி மென்மையாகவும் கடித்தவுடன் சாறு வருவதாகவும் இருக்கும். எனவே இந்தப் பதிவில் அந்தத் தண்ணீரின் போக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சீனர்கள் டம்ப்ளிங்கை ஜியாவ்ஸி என்பார்கள்; வட சீனாவில் ஜியாவ்ஸி என்றால் பெரும்பாலும் கொதிநீரில் வேகவைத்து எடுப்பதுதான். அதே வகைப் பூரணத்தை வைத்து, பச்சையாகவே எண்ணெய் விட்ட வாணலியில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி மூடி வேகவைத்து, அடியை மட்டும் முறுக விட்டு எடுப்பதைக் குவோத்தியே என்பார்கள். ஏற்கெனவே வேகவைத்து மீந்ததை எண்ணெயில் சுட்டெடுப்பது இதிலிருந்து வேறுபட்டது. அதில் மேல்மாவு முன்பே நீரில் ஊறியிருப்பதால் அடி முறுகும் விதம் மாறிவிடும். வடமேற்குச் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் துர்ஃபானுக்கு அருகேயுள்ள அஸ்தானா கல்லறைகளில் தாங் அரசமரபுக் காலத்து (கி.பி. 618–907) டம்ப்ளிங்குகள் காய்ந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டுள்ளன என்பதிலிருந்து இந்த உணவின் பழமையை உணரலாம். ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் வழியாக இது கியோஸா என்ற பெயரில் பரவியது. இன்று உட்சுனோமியாவும் ஹமாமட்சுவும் அதற்குப் பெயர்பெற்ற நகரங்கள். ஜப்பானிய வகையில் மேல்மாவு இன்னும் மெல்லியதாகவும் பூண்டின் மணம் தூக்கலாகவும் இருக்கும். நான் செய்தது வட சீன முறை. வாணலிக் கட்டத்தில் மட்டும் ஜப்பானியர்கள் விரும்பிச் செய்யும் ஓர் உத்தியைச் சேர்த்துக்கொண்டேன்.

மாவிலிருந்து தொடங்குகிறேன். சுமார் 40 டம்ப்ளிங்குகளுக்கு 300 கிராம் மைதாவும் 160 கிராம் தண்ணீரும் போதும். நீரில் வேகவைக்கும் ஜியாவ்ஸிக்குப் பச்சைத்தண்ணீரில் பிசைந்த மாவு பொருத்தமானது, ஏனெனில் கொதிநீரில் புரளும்போது கிழியாமல் நிற்கும் இழுவை அதற்குத் தேவை. வாணலியில் சுடுவதற்கு அந்த இழுவை வேண்டியதில்லை. அங்கே மேல்மாவு மென்மையாக வெந்து, அடியில் மட்டும் மெல்லிய ஓடாக முறுக வேண்டும். வித்தியாசத்தை நேரில் பார்ப்பதற்காக மாவில் ஒரு பகுதியைப் பச்சைத்தண்ணீரிலும் இன்னொரு பகுதியைக் கொதிநீரிலும் பிசைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிப் பின்வாங்கியது. கொதிநீர் மாவோ தேய்த்த இடத்திலேயே படிந்து நின்றது. ஆனால் ஓரத்தை இழுத்து மடித்தபோது அங்கங்கே விண்டது.

காரணம் தெளிவானது. கோதுமை மாவிலுள்ள ஸ்டார்ச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகத் தொடங்குகிறது. அதே சூட்டில் குளூட்டன் புரதங்கள் தம் இயல்பை இழப்பதால் வலுவான வலைப்பின்னல் உருவாவதில்லை. ஆகவே மாவு மென்மையாகிறது, நீரையும் அதிகம் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆனால் இழுவை குறைகிறது. இரண்டு குணமும் வேண்டும் என்பதால் சீனச் சமையலறைகளில் வழக்கமாக உள்ள பாதி வெந்த மாவு முறையையே நானும் பின்பற்றுகிறேன். முதலில் 120 கிராம் கொதிநீரை மாவின் மேல் சுற்றிலும் ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியின் காம்பால் கிளறி, உதிரி உதிரியாக வந்தவுடன் மீதி 40 கிராம் பச்சைத்தண்ணீரைத் தெளித்துக் கையால் திரட்டிவிடலாம். முதலில் கையில் ஒட்டும்; ஐந்து நிமிடம் பிசைந்த பிறகும் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அதற்காகக் கூடுதல் மாவு தூவ வேண்டியதில்லை. மூடி வைத்துப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஒரு நிமிடம் பிசைந்தால் வழவழப்பாகிவிடும். பின்னர் குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஒருமணி நேரம் ஈரத்துணி போட்டு வைக்கவேண்டும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகவும் அரைகுறையாகவும் மேலெழும் நிலைதான் தேய்ப்பதற்கு ஏற்ற பதம்.

மாவு ஊறும் நேரத்தில் கோஸ் வேலை. நீள இலைகள் கொண்ட சீன முட்டைக்கோஸ் 250 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி இருபது நிமிடம் விட்டுவிட்டேன். உப்பு இலைத்துண்டுகளிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. இந்த வேலையை நாம் இப்போதே செய்யாவிட்டால் பூரணத்திலுள்ள உப்பு அதைப் பிறகு செய்யும், அப்போது அந்த நீர் மேல்மாவை உள்ளிருந்து நனைத்து அடியை ஓட்டையாக்கிவிடும். மெல்லிய துணியில் கட்டி நன்றாக முறுக்கிப் பிழிந்தபோது 250 கிராம் கோஸ் கையடக்க உருண்டையாகச் சுருங்கியது. பிழிந்ததை உதிர்த்து, அதன் மேல் ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெய் விட்டுப் புரட்டி வைப்பது நல்ல பழக்கம்; எண்ணெய்ப் படலம் மேலும் நீர் கசிவதைத் தாமதப்படுத்தும். எள்ளெண்ணெய் என்று நான் சொல்வது வறுத்த எள்ளிலிருந்து எடுக்கும் அடர்பழுப்பு நிற எண்ணெயை. வறுக்காத எள்ளில் ஆட்டிய வெளிர்நிற எண்ணெயில் இந்த மணம் கிடைக்காது.

இனி இறைச்சி. இந்தப் பகுதியில்தான் பொறுமை அதிகம் பலன் தருகிறது. பன்றியின் தோள்பகுதி இறைச்சியில் கொழுப்பும் தசையும் ஏறத்தாழ வேண்டிய விகிதத்திலேயே இருக்கும். பூரணத்துக்குக் கொழுப்பு 25 முதல் 30 விழுக்காடு வரை தேவை. கொழுப்பற்ற சதையை மட்டும் அரைத்துச் செய்தால் எவ்வளவு மசாலா சேர்த்தாலும் வெந்தபின் வறண்ட உருண்டையாக இறுகிவிடும். 350 கிராம் இறைச்சியை நான் கத்தியாலேயே கொத்தினேன். பாதி உறைந்த நிலையில் மெல்லிய துண்டங்களாக அரிந்து, பிறகு கீற்றுகளாகவும் பொடிச் சதுரங்களாகவும் நறுக்கி, கடைசியில் கனமான கத்தியால் கொத்திவிட்டால், அரைவை இயந்திரத்தில் வரும் நசுங்கிய கூழாக இல்லாமல் பருக்கை பருக்கையாக நிற்கும் கைமா கிடைக்கும். கடையில் அரைத்தது என்றால் பெரிய துளைத் தட்டில் அரைக்கச் சொல்லி வாங்குவது நல்லது. எப்படிச் செய்தாலும் இறைச்சி சில்லென்றிருக்க வேண்டும். கைச்சூட்டில் கொழுப்பு உருகிவிட்டால் நாம் ஏற்றப் போகும் தண்ணீரை அது பிடித்து வைக்காது.

சேர்ப்பதற்கான தண்ணீரை முன்னதாகவே தயாரித்துக்கொள்ள வேண்டும். நசுக்கிய இஞ்சி ஒரு துண்டையும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் 80 மில்லி தண்ணீரில் போட்டுக் கசக்கி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து வடிகட்டினால் இஞ்சியின் காரமும் வெங்காயத்தாளின் மணமும் ஏறிய நீர் கிடைக்கிறது. இஞ்சித் துணுக்கு பல்லில் சிக்காமல் அதன் மணம் மட்டும் இறைச்சி முழுவதும் பரவ இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

இறைச்சியில் முதலில் உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக, வெளிர் சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, ஷாவ்சிங் அரிசி மது ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து வேகமாகக் கிளறத் தொடங்கினேன். உப்பு முதலில் சேர்வது முக்கியம், ஏனெனில் தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவது அதுதான். அந்தப் புரதம் பசைபோல் இறைச்சியைப் பிணைத்து, வேகும்போது நீரையும் கொழுப்பையும் உள்ளேயே நிறுத்துகிறது. ஒரே திசையில் கிளற வேண்டும் என்று சீனச் சமையல்காரர்கள் வலியுறுத்துவார்கள். நானும் அப்படித்தான் கிளறுகிறேன். ஆயினும் திசையைவிட விடாமல் கிளறுவதே பயன் தருகிறது என்பது என் கணிப்பு.

இரண்டு மூன்று நிமிடத்தில் தோற்றம் மாறுவது கண்கூடாகத் தெரியும். தனித்தனியாக உதிர்ந்து கிடந்த பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகி, மேலே ஒரு பளபளப்பு வரும். அந்த நேரத்தில் மணமேற்றிய தண்ணீரில் இரண்டு கரண்டி மட்டும் விட்டுக் கிளறினால், முதலில் இறைச்சி வழுக்கிக்கொண்டு சுழன்று, தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தேங்கியது போல் தெரியும். தொடர்ந்து கிளறினால் அரை நிமிடத்தில் அத்தனையும் உள்ளே போய்விடும். முந்தைய ஊற்று முழுதாக மறைந்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். நான்கு தடவையாக 80 மில்லியும் ஏறியபோது, கரண்டியைத் தூக்கினால் இறைச்சி கிண்ணத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லிய இழைகளாக நீண்டு அறுந்தது. இந்த இழைதான் நான் நம்பும் அடையாளம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த நிலையில் பூரணத்தை அரைமணி நேரம் குளிரவைத்து, மாவு வட்டங்களைத் தேய்க்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு பிழிந்த கோஸையும் 40 கிராம் வெங்காயத்தாள் நறுக்கலையும் சேர்த்து மெதுவாகப் புரட்டினேன். இங்கே அடித்துக் கிளறக்கூடாது. சுவை பார்ப்பதற்குப் பூரணத்தில் ஒரு சிறு வில்லையை வாணலியில் சுட்டுத் தின்று பார்ப்பதே சரியான முறை. பச்சை இறைச்சியை நாவில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. உப்பு சிறிது தூக்கலாகவே இருக்கட்டும், மேல்மாவில் உப்பு இல்லை அல்லவா.

ஊறிய மாவை இரண்டரை சென்டிமீட்டர் பருமனுள்ள கயிறாக உருட்டி, 11 கிராம் வீதம் வெட்டி, உள்ளங்கையால் தட்டையாக்கி, சிறிய உருட்டுக்கட்டையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். வலக்கையிலுள்ள கட்டை ஓரத்திலிருந்து நடுவரை மட்டும் போய்த் திரும்பும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் இடக்கை வட்டத்தைச் சிறிது திருப்பும். இப்படிச் செய்யும்போது ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் 9 சென்டிமீட்டர் அகல வட்டம் வரும். நடுவில் தடிப்பு வேண்டும், ஏனெனில் சூடான உலோகத்தைத் தொடப்போவது அந்த இடம்தான். ஓரம் மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனெனில் மடிப்பில் இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்து வேகாத மாவுக் கட்டியாக நின்றுவிடக் கூடாது. தூவும் மாவைக் குறைவாகவே பயன்படுத்தவேண்டும். ஓரத்தில் மாவுத்தூள் படிந்தால் ஒட்டாது. கடையில் கிடைக்கும் ஆயத்த வட்டங்களுக்கு ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டுவது அவசியம். புதிதாகத் தேய்த்ததற்கு அது தேவையில்லை.

ஒரு வட்டத்துக்கு 16 கிராம் பூரணம். நடுவில் வைத்து, பிறைபோல் மடித்து, முன்பக்க ஓரத்தில் மட்டும் கொசுவம் வைப்பதுபோல் ஐந்தாறு மடிப்பு எடுத்துப் பின்பக்கத்தோடு அழுத்திக்கொண்டே போனால், டம்ப்ளிங் தானாகவே வளைந்து அடி அகன்று நிற்கும். மடிப்பின் உண்மையான பயன் இதுதான்: வளைந்த உருவம் சாயாமல் உட்கார்ந்து, முழு அடியும் வாணலியில் படும். உள்ளே காற்று நின்றால் வேகும்போது விரிந்து வாயைப் பிளக்கும் என்பதால், கடைசி மடிப்புக்கு முன் விரலால் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடுவேன். மடிப்பு வராதவர்கள் வருந்தத் தேவையில்லை. குவோத்தியேவை நீளவாக்கில் வைத்து நடுவை மட்டும் ஒட்டி இரு முனைகளையும் திறந்தே விடுவதும் வட சீனாவில் பரவலான வடிவம். செய்து முடித்தவற்றை மாவு தூவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கித் துணியால் மூடிவைக்கவேண்டும்.

வாணலிக்கு வருவோம். தட்டையான அடியும் இறுக்கமான மூடியும் இருந்தால் எந்த வாணலியும் உதவும். 26 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் வாணலியில் 15 டம்ப்ளிங் வரை கொள்ளும். இரும்பு வாணலி எனக்கு இன்னும் பிடிக்கும், அதன் அடி சீராகவும் ஆழ்ந்த நிறத்திலும் முறுகும். ஆனால் அதை முதலில் நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய் விட்டுச் சுழற்றி, அதன் பின்னரே டம்ப்ளிங்கை வைக்க வேண்டும். ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடுதலான தீயில், வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி அடுக்கினேன். அடி இளம்பொன்னிறம் வர இரண்டு நிமிடம் ஆகும். இந்த முதல் நிறமே இறுதி நிறமாகிவிடாது. பின்னால் தண்ணீர் வற்றியபிறகு அது ஆழமாகும்.

ஜப்பானிய உத்தி இங்கேதான். வெறும் தண்ணீருக்குப் பதிலாக 120 மில்லி வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி மைதாவைச் சிறிது பச்சைத்தண்ணீரில் கரைத்துச் சேர்த்து ஊற்றினால், தண்ணீர் வற்றும்போது அந்த மாவு எல்லா டம்ப்ளிங்கையும் இணைக்கும் சல்லடை போன்ற மெல்லிய ஓடாகப் படிந்துவிடும். ஊற்றும் நொடியில் எண்ணெய் கடுமையாகத் தெறிக்கும். ஆகையால் மூடியைக் கேடயமாக ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஓரமாக ஊற்றி, உடனே மூடிவிட வேண்டும். நீர்மட்டம் டம்ப்ளிங்கின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். தீயை நடுத்தரமாக்கி ஆறு அல்லது ஏழு நிமிடம் மூடியைத் திறக்காமல் விட வேண்டும்.

மூடிக்குள் நடப்பதைக் காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம். முதலில் எழுவது கொதிக்கும் நீரின் கனத்த ஓசை. தண்ணீர் இருக்கும்வரை அடியின் வெப்பம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எனவே அந்த நேரம் முழுவதும் மேல்மாவும் இறைச்சியும் வேகின்றனவே தவிர எதுவும் முறுகுவதில்லை. ஐந்து நிமிடம் கடந்ததும் ஓசை மெலிந்து, இடையிடையே சடசடவென்று உடையத் தொடங்கும். அப்போது மூடியைத் திறந்தால் மேல்மாவு பளபளப்பாகவும் சற்றே ஒளிபுகுவதாகவும் இருக்கும், ஓரங்களில் வெண்ணிற நுரை கொப்பளிக்கும். நுரை அடங்கி, எண்ணெயில் எதையோ பொரிப்பது போன்ற மெல்லிய, இடைவிடாத ஓசை மட்டும் மிஞ்சும்போது நீர் முற்றிலும் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகே வெப்பம் 140 டிகிரியைத் தாண்டி, மாவு பழுப்பாகி மணம் எழும் மாற்றம் தொடங்குகிறது. இந்தக் கட்டம் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம்தான். இங்கே அடுப்பை விட்டு நகரக் கூடாது.

ஓட்டின் ஓரம் தங்கநிறமாகி வாணலியிலிருந்து தானாக விலகத் தொடங்கும்போது, சில துளி எள்ளெண்ணெயை ஓரமாக விட்டு, வாணலியை ஒருமுறை அசைத்துப் பார்த்தேன். மொத்தமும் ஒரே தட்டாக நகர்ந்தது. நகரவில்லை என்றால் கரண்டியால் சுரண்டாமல் இன்னும் அரை நிமிடம் காத்திருப்பது நல்லது. ஈரம் நீங்காத ஸ்டார்ச்தான் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது, முழுதாக முறுகியதும் அது பிடியை விட்டுவிடும். வாணலியைவிடச் சிறிய தட்டைக் கவிழ்த்து மேலே வைத்து, கையால் அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் புரட்டினால் முறுகிய பக்கம் மேலாகத் தட்டில் இறங்கும். கொத்திய பன்றி இறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பதால், நடுவிலிருந்த ஒன்றில் வெப்பமானியைச் செருகிப் பார்த்த பிறகே பரிமாறினேன். நேரத்தை மட்டும் நம்புவதைவிட இது பாதுகாப்பானது, குறிப்பாக டம்ப்ளிங்கின் அளவு கூடும்போது.

தொட்டுக்கொள்ள, ஒட்டரிசியிலிருந்து எடுக்கும் ஜென்ஜியாங் கருப்பு வினிகர் மூன்று பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, இழையாக நறுக்கிய இளம் இஞ்சி ஆகியவற்றைக் கலந்துகொண்டேன். விரும்பினால் மிளகாய் எண்ணெய் சில துளி. கொழுப்பு நிறைந்த பூரணத்துக்கு வினிகர்தான் முன்நிற்க வேண்டும், சோயா பின்னால் போகட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டின் மேல் சாஸை ஊற்றிப் பரிமாறினால் சிறிது சிறிதாகச் சேர்த்த மொறுமொறுப்பு நிமிடத்தில் நனைந்து போகும். எனவே தனிக் கிண்ணத்தில் வைத்துப் பக்கவாட்டில் தொட்டுக்கொள்வதே முறை.

ஒரே நேரத்தில் சுடாதவற்றைப் பச்சையாகவே உறையவைப்பது நல்லது. குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால்கூட அடி ஈரமாகித் தட்டோடு ஒட்டத் தொடங்கும். அதனால் இடைவெளி விட்டு அடுக்கிய தட்டை நேராக உறைபெட்டியில் வைத்து, கல்போல் இறுகிய பிறகு பைக்கு மாற்றி, காற்றை வெளியேற்றி மூடினேன். இவற்றைச் சுடுவதற்கு முன் உருகவிடக் கூடாது. உருகும்போது வெளியேறும் நீர் மேல்மாவைக் கூழாக்கிவிடும். உறைந்த நிலையிலேயே எண்ணெயில் வைத்து, தண்ணீரை 150 மில்லியாகக் கூட்டி, மூடிய நேரத்தையும் மூன்று நிமிடம் கூட்டினால் போதும். மேலே படிந்த பனித்துகள் எண்ணெயில் தெறிக்கும் என்பதால், வாணலி கடுமையாகக் காய்வதற்கு முன்பே அடுக்கிவிட வேண்டும். உறையவைத்ததன் மடிப்பு ஓரம் சற்றுத் தடிப்பாகத் தெரிந்தது. ஆனால் அடி முறுகியதிலும் உள்ளே நின்ற சாற்றிலும் புதிதாகச் சுட்டதற்கும் இதற்கும் வேறுபாடு காண முடியவில்லை. பன்றிக் கொழுப்பு உறைபெட்டியிலும் மெல்லச் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால், பையின் மேல் தேதி எழுதி ஒரு மாதத்துக்குள் சுட்டுத் தீர்த்துவிடுகிறேன்.